செட்டில் ஆனவள்

1

போன சனிக்கிழமை கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தபோது என் மகள் நிலா அடுக்களைக்குள் வந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. மாவு அரைக்கிற சத்தம் பிடிக்காமல் மாடிக்கு ஓடிவிடுகிறவள், அன்று தானாகவே வந்து நின்றாள். ஆங்கில வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களாம். வீட்டில் பேசுகிற மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, அதற்கு என்னென்ன பொருள் என்று வகுப்பில் பேச வேண்டும்.

"செட்டில்னு சொல்லுவியே அம்மா, அதை எடுத்துக்கட்டுமா? தமிழ்ல எப்படி எழுதணும்?"

அவள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அது தமிழ் இல்லை, உங்கள் ஊர்ச் சொல்தான் என்றேன். அவள் நம்பவில்லை. "நீ தாத்தாகிட்டயும் சரவணன் மாமாகிட்டயும் பேசும்போது மட்டும்தான் அதைச் சொல்லுவ. இங்கிலீஷ்ல பேசும்போது ஒரு தடவை கூடச் சொன்னதில்லை" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். இந்த லீட்ஸ் நகரத்தில், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என்னோடு வேலை பார்க்கிற யாரிடமும் நான் செட்டில் ஆகிவிட்டேன் என்று சொன்னதில்லை. தென்காசியிலிருந்து போன் வந்தால்தான் அந்தச் சொல் வீட்டுக்குள் வரும். என் மகளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் மிகக் கொஞ்சம். அதிலும் ஒன்று ஆங்கிலம்.

ஆங்கிலச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை, நன்றாக இருக்கும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். இரண்டு மூன்று நாட்கள் அவள் அதையே தோண்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது எனக்கும் சொன்னாள். ஆதியில் அதற்கு உட்காரும் இடம் என்று அர்த்தமாம். இங்கே பழைய சாராயக்கடைகளில் உயரமாகச் சாய்மானம் வைத்த நீள பெஞ்சு ஒன்று கிடக்கும். அதன் பெயரே செட்டில்தான். பிறகு ஒருவரை உட்கார வைப்பது என்று ஆனது. கலங்கின தண்ணீரில் மண் அடியில் போய்ப் படிவது, ஒரு வழக்கு முடிவது, பில்லைக் கட்டித் தீர்ப்பது, ஊர்விட்டு ஊர் வந்து குடியேறுவது, எல்லாவற்றுக்கும் அதே சொல். அடுத்தவன் நிலத்தில் போய்க் குடியேறியவர்களுக்கும் அதே சொல்தான் என்று சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதே மாதிரி ஒலிக்கிற வேறொரு பழைய சொல்லும் இருந்ததாம். சண்டை போட்டவர்களைச் சமாதானம் செய்து வைப்பது என்று பொருள். நாளடைவில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன.

கடைசியாக ஒன்று சொன்னாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'ஃபார்' என்று சேர்த்துவிட்டால், கேட்டது கிடைக்காமல் கிடைத்ததை வைத்துக்கொள்வது என்று ஆகிவிடுமாம்.

"நீ செட்டில் ஆனியா, செட்டில் ஃபார் பண்ணினியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவளுடைய பேச்சில் எங்கள் குடும்பக் கதை வரக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அந்தக் கதை பாதிதான் தெரியும். முழுவதையும் ஊரில் இருக்கிற நீங்கள் வாசிப்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

2

இந்த நாட்டில் நிரந்தரமாக இருந்துகொள்ளலாம் என்று கொடுக்கிற அனுமதிக்குப் பேச்சு வழக்கில் செட்டில்மென்ட் என்று பெயர். அதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தோம். அரசர்களின் வரலாற்றை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். எந்தெந்தத் தேதியில் ஊருக்குப் போனேன், எந்தத் தேதியில் திரும்பினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா சாகக் கிடந்தபோது கூடுதலாக இருந்த நாட்களுக்கும் காரணம் கேட்டார்கள், எழுதினேன். அனுமதி வந்த அன்று நான் செய்த முதல் போன் அப்பாவுக்குத்தான்.

அப்பா செங்கோட்டை ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் எங்கள் வீடு. கீழே அவரும் தம்பி சரவணன் குடும்பமும். மாடியில் ஒரு அறை. நான் கல்யாணமாகிப் போன பிறகும் அதற்கு என் பெயர்தான். "பார்வதி ரூம்ல போய் எடுத்துட்டு வா" என்றுதான் வீட்டில் சொல்லுவார்கள்.

"அப்ப இனிம உன்ன யாரும் போகச் சொல்ல முடியாது, அப்படித்தானட்டி?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாப்பா."

"செட்டில் ஆயிட்ட" என்றார். அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

அந்த வருடம் சாரல் ஆரம்பித்த சமயத்தில் நாங்கள் ஊருக்குப் போனோம். முதல் நாள் மதியச் சாப்பாட்டில், ரசம் ஊற்றிக்கொண்டே அப்பா சொன்னார்: "வீட்ட சரவணன் பேர்ல செட்டில்மென்ட் எழுதிட்டேன். போன மாசம் ரிஜிஸ்டர் ஆச்சு. நீதான் அங்கன செட்டில் ஆயிட்டியே, உனக்கு என்னத்துக்கு?"

மறைத்து வைத்துச் சொல்லவில்லை. நல்ல செய்தியாகத்தான் சொன்னார். நம் ஊர் ரிஜிஸ்டர் ஆபீசில் செட்டில்மென்ட் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குப் பிரியப்பட்டு எழுதிக் கொடுப்பது. வாங்கிக்கொண்டால் முடிந்தது.

நான் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு மாடிக்குப் போனேன். சொத்து என்று நான் அதை நினைத்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து இருக்க ஓர் அறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சரவணன் பின்னாலேயே ஏறி வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யக்கா, நீ கேக்கதுக்கு முன்னாடி நானே சொல்லுதேன். அம்மாவுக்கு டயாலிசிஸுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனது நான். அதுலதான் கடைய ஒழுங்கா பாக்க முடியாம மூடுனேன். நீ போன்ல அழுத. நான் இங்கன கெடந்தேன். ஊர்க்காரன் பூராம், அக்கா செட்டில் ஆயிட்டா, நீ எப்பலே செட்டில் ஆகப் போறன்னு கேக்கான். நான் என்ன பதில் சொல்ல?"

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கசந்தது.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேலே" என்றேன்.

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?"



3

திரும்புவதற்கு முன்னால் கடையநல்லூர் போய் ஷமீமாவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் கணவர் கல்யாணமான மறு மாதமே சவூதி போனவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து, பிள்ளைகள் ஒவ்வொன்றும் நடக்கத் தொடங்கிய பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தவர். இப்போது ஒரேயடியாக வந்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி ஓரமாக ஒதுங்கிப் போனார்.

"செட்டில்மென்ட் வாங்கிட்டு வந்துட்டாக" என்றாள் ஷமீமா.

எனக்கும் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவள் பதறிப் போனாள். "என்னத்துக்குட்டி? வேலைய விட்டுத் தூக்கிட்டானா?"

சவூதியில் ஒருவனை இனி வேண்டாம் என்று முடிவு செய்து, பாக்கியையெல்லாம் தீர்த்து, விமானம் ஏற்றி அனுப்புவதற்குப் பெயர்தான் செட்டில்மென்ட். நான் இருக்கிற நாட்டில் அப்படியில்லை, காலத்துக்கும் இருந்துகொள்ளலாம் என்று கொடுப்பது என்று விளக்கினேன்.

"உனக்கு அங்க இருந்துக்கிடலாம்னு சொல்லுதான். இவுகளுக்குக் கெளம்புன்னு சொல்லிட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே பேப்பரா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவுகளுக்கு இங்க ஒண்ணுமே புடிபடலட்டி. இவுக சோத்துக்கு உப்பு எவ்வளவு வேணும்னு கூட எனக்குத் தெரியல, அவுகளுக்கும் சொல்லத் தெரியல. இத்தன வருசம் ஆளில்லாம பழகிட்டேன். இப்ப ஆள் இருக்கதுதான் புதுசா இருக்கு" என்றாள்.

4

அடுத்த வருடம் அப்பாவே போனில் கேட்டார். "ஒரு ஆறு மாசம் உங்கூட வந்து இருந்துட்டு வரட்டுமாட்டி?"

வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட சரவணன் வீட்டை அறை அறையாகப் பிரித்துக்கொண்டிருந்தான். மாடியில் என் அறைக்குக் குளியலறை வைத்து, ஏ.சி. மாட்டி, கதவில் நம்பர் ஒட்டியிருந்தான். அப்பா சொல்லவில்லை. தம்பி மனைவி கலா வாட்ஸ்அப்பில் போட்ட விளம்பரப் படத்தில் நானே பார்த்துக்கொண்டேன். என் ஜன்னல்தான். திரை மட்டும் புதிது.

அப்பாவை என்னோடேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் விசாரித்தேன். முடியாது. படுத்த படுக்கையாக, ஊரில் பார்க்க ஒரு ஆளும் கிடைக்காத நிலையில் இருந்தால் யோசிப்பார்கள். நடக்கிற, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற, பென்ஷன் வாங்குகிற மனிதருக்கு அந்த வழி இல்லை. நான் இந்த ஊரில் செட்டில் ஆகலாம், என்னைப் பெற்றவர் ஆக முடியாது. சரி, சுற்றிப் பார்க்க வருகிற விசாவுக்குப் போடலாம் என்று முடிவு செய்தோம்.

எல்லாவற்றையும் நான் இங்கிருந்தே நிரப்பினேன். கூட ஒரு கடிதம் வைக்க வேண்டும் என்றதும் அதை மட்டும் தானே எழுதுவதாக அப்பா சொன்னார். "ரயில்வேல எத்தன லெட்டர் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாத இங்கிலீஷா?" சரவணன் அதை ஸ்கேன் செய்து மற்ற காகிதங்களோடு ஏற்றிவிட்டான். அப்பா சென்னைக்கு ரயிலில் போய் விரல் ரேகை வைத்துவிட்டு வந்தார். ஸ்வெட்டர் வாங்கினார். நிலாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். எனக்கே சரியாகத் தெரியவில்லை. முறுக்கு என்றேன்.

மறுத்துவிட்டார்கள்.

மறுத்ததற்கான காரணங்களை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வாசித்தேன். விண்ணப்பதாரர் பெயரில் வீடு இல்லை. மனைவி உயிரோடு இல்லை. மகள் இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கிறார். விண்ணப்பதாரரே தன் கடிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லை.

அப்பா என்ன எழுதினார் என்று சரவணனிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அழகான சாய்வெழுத்து. நடுவில் ஒரு வரி. 'ஐ ஹேவ் செட்டில்டு எவ்ரிதிங் ஹியர் அண்டு ஐ ஆம் ஃப்ரீ டு கம்.'

இந்த வரியில் ஒரு தப்பும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மகனுக்கு வீட்டை எழுதியாயிற்று, ஒரு தகப்பன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டேன், எனக்கு யார் பொறுப்பும் இல்லை, நிம்மதியாக வரலாம் என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு மனிதன் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதைவிட நல்ல வரி கிடையாது. இங்கே ஒரு மேசையில் அதை வாசித்தவருக்கு, கிழவர் அங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று பட்டிருக்கிறது.

போனில் சொன்னபோது அப்பா திருப்பித் திருப்பி ஒன்றுதான் கேட்டார். "கிராமர் சரியாத்தானட்டி இருக்கு?"

"சரியா இருக்குப்பா."

"பொறவு ஏன்?"

5

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று ஷமீமா கேட்பாள். ஏழு மணி பஸ். மருந்துப் பெட்டிகள். பெயரைத் தப்பாகக் கூப்பிடுகிறவர்கள். தேநீர் நேரத்தில் வானிலை. சாயங்காலம் திரும்பினால் நிலா காதில் மாட்டியதைக் கழற்றாமல் கை காட்டுவாள். என் வீட்டுக்காரருக்கு வேறு நேரத்து வேலை. குளிர்பெட்டியில் சீட்டு ஒட்டிப் பேசிக்கொள்வோம். தெருவில் ஒருவரும் எங்களைத் தொந்தரவு செய்ததில்லை. ஒருவரும் எதற்கும் கூப்பிட்டதும் இல்லை. மண் அடியில் படிந்த தண்ணீர் மாதிரி தெளிவாக, அசையாமல் இருக்கிறோம்.

விசா மறுத்த பிறகு வந்த சாரலில் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டேன். அப்பாவுக்குப் பின்னால் வாட்டர் டேங்கின் குழாய் தெரிந்தது. கூரை தகரம். மழைச் சத்தத்தில் அவர் பேசுவது கேட்கவில்லை.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பொறத்தால. மோட்டார் ரூமு. கீழ் ரூமையும் விட்டாச்சு. தண்ணி நல்லா விழுது, கூட்டம் தாங்க முடியல. சீசன் வரைக்கும்தான்."

சரவணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் கத்தவில்லை. "மூணு மாசம் சம்பாதிச்சாத்தான் யக்கா எனக்கு வருசம் ஓடும். அருவில தண்ணி கூடிப்போய்க் குளிக்க விடலன்னா அதுவும் போச்சு. அப்பாட்ட கேட்டுத்தான் மாத்துனேன். அவுக சரின்னாவ."

அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

வக்கீலாக இருக்கிற என் தோழி ஒருத்தி வழி சொன்னாள். பெற்றவர்களைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கேட்கலாம், தென்காசியில் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம் என்றாள். நான் லீவு போட்டுவிட்டு மனு எழுதத் தயாராக இருந்தேன். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும்.

"அவன் மேல நான் மனு குடுக்கணுமா?" என்றார்.

"அவன் மேல இல்லப்பா. வீட்டுக்காக."

"ரெண்டும் ஒண்ணுதான். பிரியப்பட்டுத்தான எழுதுனேன். பிரியம் இல்லன்னு போய் ஆபீஸ்ல சொல்லச் சொல்லுதியா?"

அப்புறம் ஒரு வாரம் அவர் என் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது செங்கோட்டையிலிருந்து பேசினார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பென்ஷன் இருந்தது. யாரோடும் சண்டை போடவில்லை. ஒரு காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்துப் போயிருக்கிறார். சரவணனுக்கே மதியம்தான் தெரிந்திருக்கிறது.

6

இந்த வருடம் நான் தனியாகப் போனேன். நிலா வரவில்லை. அங்கே தனக்கு என்ன வேலை என்று கேட்டாள். குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகிற பஸ்ஸில் ஏறினேன், மேலகரத்தில் இறங்கவில்லை. வீட்டைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொண்டு போனேன். வாசலில் கேரள வண்டி ஒன்று நின்றது. மாடிக் கைப்பிடிச் சுவரில் யாரோ ஈரத்துண்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள்.

அப்பாவின் அறை ஒரு பழைய வீட்டின் மேல்தளம். வீட்டுக்கார அம்மா பாதி மலையாளம் பேசுகிறவர். "சாரோட மோளா?" என்று கேட்டு என்னை மேலே அனுப்பினார். அப்பா இளைத்திருந்தார், ஆனால் சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். காலையில் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறார். கொல்லம் வண்டி வருகிற நேரத்தில் தெரிந்த ஆட்களோடு டீ குடிக்கிறார். சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். எனக்குப் பொரியல் வைத்தார். எண்ணெய் கொஞ்சம் கூடுதல்.

"நான் திரும்ப வந்துரட்டுமாப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன். கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை.

"எங்க வருவ?" என்றார்.

அவர் கோபமாகவோ வருத்தமாகவோ கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவருடைய அறையைப் பார்த்தேன். ஒரு கட்டில். நான் அந்த வாரம் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நாட்டுக்காரியாவே ஆயிருட்டி. பாஸ்போர்ட் மாத்திக்கோ. அப்பவாவது உன்ன நம்புவான், என்னக் கூப்புட விடுவான்" என்றார். பாஸ்போர்ட்டை மாற்றினாலும் அவருக்கு விதி மாறாது, மாற்றிவிட்டால் நான் இந்த ஊருக்கு வரவே அனுமதி வாங்க வேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது சரவணன் கூப்பிட்டான். போனைச் சத்தமாக வைத்துத் தரையில் வைத்தேன்.

"யக்கா, அப்பா பக்கத்துல இருக்காவளா?"

"இருக்காவ. சொல்லு."

"சீசன் முடிஞ்சிட்டு. தண்ணியும் கொறஞ்சிட்டு, கூட்டமும் இல்ல. கீழ் ரூமு சும்மாத்தான் கெடக்கு. அப்பாவ வந்து இருக்கச் சொல்லு. தெருவுல ஒவ்வொருத்தனும் கேக்கான், எனக்கு வெளிய தல காட்ட முடியல. கலாவும் கூட்டிட்டு வரத்தான் சொல்லுதா."

அவன் குரல் உடைந்திருந்தது. அது நடிப்பு இல்லை. சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கிவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்போது இருக்கிற குரல்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். சமாதானம் ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அப்பா குழம்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "எது வரைக்கும்னு கேளு."

"என்னப்பா?"

"எந்த மாசம் வரைக்கும் இருக்கலாம்னு கேளுட்டி."

கேட்டேன். அந்தப் பக்கம் கலா ஏதோ சொல்வதும், அவன் போனைப் பொத்திக்கொண்டு அவளுக்குப் பதில் சொல்வதும் கேட்டது.

"யக்கா, நான் பொறவு கூப்புடுதேன்" என்றான்.

அப்பா என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். நான் செங்கோட்டையில் இருந்த வரைக்கும் அவன் கூப்பிடவில்லை.